பதநீருக்குப் பதம் பார்த்தோம்

உலகத்திலே நீதிபதிகள் பல வகை. கொலை வழக்கை விசாரிக்கும் நீதிபதிகள் உண்டு. சங்கீதப் போட்டிக்கு மார்க்குப் போடும் நீதிபதிகள் உண்டு. மலர்க் கண்காட்சியில் எந்த ரோஜா அழகு என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகளும் உண்டு. பீருக்கும் நீதிபதிகள் இருக்கிறார்கள் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக் கூடும். ஆனால் விஷயம் என்னவோ வாஸ்தவந்தான். அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டிலிருந்து, பீர் ருசி பார்ப்பவர்களுக்குப் பரீட்சை வைத்து நீதிபதிப் பட்டம் கொடுக்கும் ஸ்தாபனம் ஒன்று நடந்து வருகிறது. பட்டம் பெற்றவர்கள் கையில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். மொத்தம் 50 மார்க்கு. அதில் வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்ச்சிக்கு 5, பொதுவான அபிப்பிராயத்துக்கு 10. அழகுக்கு மூன்றே மார்க்கு வைத்த அந்தப் புண்ணியவான்கள் விவேகிகள் என்பதில் சந்தேகமில்லை.

இந்த நீதிபதிகள் மிகவும் மரியாதையோடு விசாரிக்கும் பானங்களில் ஒன்று 'ஸேஸோன்' என்பது. பெல்ஜியம் தேசத்தில் பிரெஞ்சு பேசும் பகுதியாகிய வலோனியாவின் பண்ணை வீடுகளில் பிறந்த பானம் இது. 'ஸேஸோன்' என்றால் பிரெஞ்சு மொழியில் பருவம் என்று பொருள். குளிர்காலத்தில் வயல் வேலை ஓய்ந்திருக்கும்போது காய்ச்சி வைத்து, கோடையில் வேலைக்கு வரும் ஆட்களுக்குக் கொடுப்பார்களாம். பண்ணையில் விளைந்த தானியம், பண்ணைக் கிணற்றுத் தண்ணீர், பண்ணையிலேயே தலைமுறையாகக் காப்பாற்றி வந்த உறை, இவைதாம் அதன் மூலதனம். நல்ல ஸேஸோனில் இனிப்பே மிஞ்சக் கூடாது என்பது நீதிபதிகளின் விதி. தானியத்தின் சர்க்கரை முழுவதையும் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்திருக்க வேண்டும். பிறகு நாக்கில் நிற்பது ஒரு வறட்சியும், மிளகைப் போன்ற ஒரு மெல்லிய காரமுந்தான்.

இவ்வளவையும் கேட்டபோது, நமது நாட்டில் இதற்கு நிகரான பண்ணைப் பானம் எது என்ற கேள்வி நம் மனத்தில் எழுந்தது. விடைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். பனைமரம் நிற்கிறது. அதன் பாளையிலிருந்து சொட்டும் நீரும் பருவத்துக்கு உரியது. உழைப்பாளியின் தாகத்துக்கு உரியது. ஊருக்கு ஊர், மரத்துக்கு மரம் ருசி மாறுவது. நாஞ்சில் நாட்டில் அதை 'அக்கானி' என்பார்கள். கொங்கு நாட்டில் 'தெளுவு' என்பார்கள். மற்றவர்களுக்குப் பதநீர்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே நீதிபதி கேட்கும் கேள்வி, நுண்ணுயிர் தன் வேலையை முடித்து விட்டதா என்பது. இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி, அது தன் வேலையை ஆரம்பிக்காமல் தடுத்தாயிற்றா என்பது. ஆரம்பித்து விட்டால் அதற்குப் பெயர் பதநீர் அல்ல, கள்.

இந்த ஒரு கேள்வியை வைத்துக் கொண்டு, பங்குனியும் சித்திரையும் கூடும் வெயில் நாட்களில் தென்சென்னையில் மூன்று இடங்களுக்குச் சென்றோம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று இடங்களிலும் பதநீர் அருந்தி, மேற்படி 50 மார்க்குத் தாளிலேயே தீர்ப்பும் எழுதினோம். அந்தத் தீர்ப்பைச் சொல்லுமுன், கலயத்தின் சமாசாரத்தைச் சற்றுச் சொல்லியாக வேண்டும்.

ஒரு விரல் சுண்ணாம்பு

பனையில் ஆண் உண்டு, பெண் உண்டு. அலகுப்பனை, பருவப்பனை என்று சொல்வார்கள். இரண்டிலும் பாளை விடும்; இரண்டிலும் நீர் சொட்டும். பனையேறுகிறவர் பாளையைக் கடிப்பால் இதமாக நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை அரிவாளால் மெல்லிய சீவலாகச் சீவி, அதன் கீழே கலயத்தைக் கட்டி விட்டு இறங்குகிறார். பாளையைத் தினந்தோறும் காலையும் மாலையும் சீவ வேண்டும். ஒரு வேளை தவறினாலும் சீவின வாய் காய்ந்து நீர் நின்று விடும். ஆகையால் பனையேறிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பண்டிகை கிடையாது, காய்ச்சல் கூட வரக்கூடாது. அறுபது அடி உயர மரத்தில், காலில் ஒரு திளாப்புக் கயிறும் நெஞ்சில் தைரியமுமாக நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குவது என்பது அவருடைய நித்திய கர்மம்.

பாளையிலிருந்து சொட்டும் நீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் நுண்ணுயிர்கள் காத்துக் கொண்டிருக்கின்றன. கள் இறக்கும் கலயத்தில் தனியாக உறை ஊற்ற வேண்டியதே இல்லை. நேற்றைய கலயமே இன்றைக்கு உறை. வெயில் ஏற ஏற நீர் வெளுத்து, நுரைத்து, புளித்துக் கள்ளாகி விடுகிறது.

இதைத் தடுப்பதற்குப் பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். கலயத்தின் உட்புறத்தில் அதைத் தடவி விட்டால் நீரில் காரத்தன்மை ஏறுகிறது. அந்தக் காரத்தில் நுண்ணுயிர்களால் வேலை செய்ய முடிவதில்லை. காலையில் இறக்கும்போது சுண்ணாம்பு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். பதமான நீர் என்பதனால்தானோ என்னவோ அதற்குப் பதநீர் என்ற பெயர் பொருத்தமாக அமைந்து விட்டது. சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும். மிஞ்சினால் நாக்கு அரிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடந்தான் உண்டு. பனையேறியின் கலை முழுவதும் அந்த ஒரு விரலில் அடங்கியிருக்கிறது.

சட்டமும் அந்த ஒரு விரலில்தான் தொங்குகிறது. ராஜாஜி முதன் மந்திரியாக இருந்தபோது 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு ஆரம்பமாயிற்று. 1948-இல் காந்தி ஜயந்தியன்று சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கின் கீழ் வந்தது. 1971-இல் அது தளர்ந்து, பிறகு திரும்பி வந்து, மறுபடியும் போயிற்று. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் சாராயத்துக்கும் கள்ளுக்கும் தடை. 2003-ஆம் ஆண்டு முதல் ஆலைகளில் உற்பத்தியாகும் பீரையும் மற்ற மதுவகைகளையும் அரசாங்கக் கழகமே கடை வைத்து விற்று வருகிறது. கள்ளுக்கு அநுமதி வேண்டும் என்பாரும் கூடாது என்பாரும் இன்று வரை வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கு நமது மதிப்பெண் தாளில் இல்லை. ஆனால் அதனால் விளைந்த ஒன்றைச் சொல்லாமல் தீராது. பனையேறிக்குச் சட்டப்படி மிஞ்சிய பானம் பதநீர் ஒன்றுதான். அதற்கு ஆதரவு இல்லையென்றால் அவருக்கு மரத்தில் வேலை இல்லை.

மயிலாப்பூர்: தூரத்தின் ருசி

மயிலாப்பூரில் பங்குனி உற்சவம் நடக்கும்போது மாட வீதிகளில் தாகத்துக்குப் பஞ்சமில்லை. தாக சாந்திக்கும் பஞ்சமில்லை. ஒரு பந்தலில் நீர்மோர். இன்னொரு பந்தலில் பானகம். கபாலீசுவரர் கோயில் குளக்கரையை ஒட்டி நுங்கு வெட்டும் வண்டிகள். அவற்றுள் ஒன்றின் பக்கத்தில், வாயில் வெள்ளைத் துணி கட்டிய பானையுடன் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"எங்கேயிருந்து வருகிறதம்மா?" என்று கேட்டோம்.

"மதுராந்தகத்துக்கு அந்தாண்ட ஐயா. விடியக்காலையிலே எறக்கி வேன்லே ஏத்திடுவாங்க. எட்டு மணிக்கெல்லாம் இங்க வந்துரும்."

கண்ணாடித் தம்ளர் ஒன்று நீட்டினார். பக்கத்தில் பனையோலைக் கட்டு இருக்கக் கண்டு, ஓலைப் பட்டையில் கொடுக்கும்படி கேட்டோம். அம்மாளின் முகம் மலர்ந்தது. ஓர் ஓலையை எடுத்து, விரித்து மடித்து முடிச்சுப் போட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு தோணி செய்து விட்டார். நேயர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். ஓலைப் பட்டையில் பதநீர் அருந்துவது வெறும் அலங்காரம் அல்ல. பச்சை ஓலையின் மணமும் பாளையின் மணமும் ஒரே மரத்தின் இரண்டு குரல்கள். தம்ளரில் குடிப்பவர்களுக்கு ஒரு குரல்தான் கேட்கும்.

முதல் வாயில் இனிப்பு. சர்க்கரைப் பாகின் இனிப்பு அல்ல, இளம் நுங்கின் இனிப்பு. அது சீக்கிரமே விலகி வழி விட்டு விடுகிறது. பிறகு நாக்கின் இரு ஓரங்களிலும் மெல்ல ஓர் அரிப்புத் தோன்றுகிறது. சுண்ணாம்பு கொஞ்சம் அதிகம். அம்மாளிடம் அதைச் சொன்னோம்.

"தூக்கலாத்தான் போடுவாங்க ஐயா. ஊர்லே குடிக்கிறதுக்குன்னா கொறச்சுப் போடலாம். இம்மாந்தூரம் வண்டியிலே குலுங்கி வரணுமே? இல்லாங்காட்டி வழியிலேயே பொங்கிப்பூடும்" என்றார்.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. சென்னைக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே சுமார் 80 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை நாம் சுண்ணாம்பாகச் சுவைத்துக் கொண்டிருந்தோம். பட்டணம் தன் பனைகளைத் தொலைவில் தள்ளத் தள்ள, பட்டணவாசியின் பதநீரில் சுண்ணாம்பு ஏறத்தான் செய்யும். இதற்கு அந்த அம்மாளைக் குறை சொல்வதற்கில்லை.

வாசனைக்கு 8, தோற்றத்துக்கு 2, சுவைக்கு 13, வாயுணர்ச்சிக்கு 3, அபிப்பிராயத்துக்கு 6. மொத்தம் 32.

தியாகராய நகர்: அழகின் ருசி

தியாகராய நகர் இருக்கும் இடத்தில் நூறு வருஷத்துக்கு முன்பு பெரியதோர் ஏரி இருந்தது என்பதை இன்று அங்கே புடவை வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்? மயிலாப்பூர் ஏரி என்றும் நீள ஏரி என்றும் பெயர் பெற்றிருந்த அந்த நீர்நிலையை 1920-களில் வடித்து மனை போட்டார்கள். சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் நகருக்கும், பனகல் ராஜாவின் பெயர் பூங்காவுக்கும் வந்தன. ஏரிக்கரை உடையாமல் இருப்பதற்காக அதன் மேல் பனை நடுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். ஏரி போன இடத்தில் கரைக்கு என்ன வேலை? கரை இல்லாத இடத்தில் பனைக்கு என்ன வேலை?

கடைத்தெருக்களின் ஜன சமுத்திரத்தில் நீந்திக் கரையேறிய போது, நடைபாதை ஓரத்தில் ஒரு வண்டி தென்பட்டது. 'ஒரிஜினல் பதநீர்' என்ற பலகை. கண்ணாடி ஜாடியில் பளிங்கு போன்ற நீர். அதில் நுங்குத் துண்டுகள் முத்துப் போல் மிதக்கின்றன. ஐஸ் கட்டிகள் வெயிலில் மின்னுகின்றன. பார்த்த மாத்திரத்தில் தாகம் இரட்டித்தது.

குடித்தோம். குளிர்ச்சி முதலில் வந்தது. இனிப்புப் பிறகு வந்தது. வந்த இனிப்புப் போகவே இல்லை. தொண்டைக்குள் இறங்கின பின்பும் நாக்கின் அடியில் ஒரு கசப்போடு உட்கார்ந்து கொண்டது. அது ஸாக்கரீனின் குணம். பாளை மணம் மருந்துக்கும் இல்லை. ஜாடியின் அடியில் சுண்ணாம்புப் படிவு ஒரு துளி கூட இல்லை. பதநீருக்கு அடையாளமாக அதில் இருந்தது நுங்கு ஒன்றுதான். அந்த நுங்கு மாத்திரம் சாட்சாத் பனையில் காய்த்தது.

"எப்போது இறக்கியது?" என்று வண்டிக்கார இளைஞரைக் கேட்டோம்.

"எறக்குறதா? ஐட்டம் மொத்தமா வருது சார். நாங்க விக்கிறதோட சரி" என்றார்.

அவரும் பாவம், வயிற்றுப் பிழைப்புக்காக நிற்பவர். அவர் மீது கோபம் வரவில்லை. வரிசையில் நமக்குப் பின்னால் நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்தபோதுதான் மனம் கனத்தது. தகப்பனார் தம் சிறு பெண்ணிடம், "இதுதாம்மா பதநீர். தாத்தா ஊரிலே குடிப்பார்ன்னு சொல்வேனே, அது இதுதான்" என்று வாங்கிக் கொடுத்துக் கொண்டிருந்தார். பெண் ஒரு வாய் குடித்து விட்டு முகத்தைச் சுளித்தாள். அந்தக் குழந்தை இனிமேல் பதநீர் என்ற பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக் கொள்ளும். பனைக்கு ஒரு ரஸிகை குறைந்தாள். ஒருநாளும் பனையேறாத ஒரு பண்டம், பனை ஏறுகிறவரின் வாடிக்கையைக் கெடுத்து விட்டது.

வாசனைக்கு 1, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 4, வாயுணர்ச்சிக்கு 2, அபிப்பிராயத்துக்குப் பூஜ்யம். மொத்தம் 10. தோற்றத்துக்கு முழு மார்க்கும் வாங்கியது இது ஒன்றுதான்.

அடையாறு: நேரத்தின் ருசி

அடையாறு காந்தி நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர், "காலை ஏழு மணிக்கு வந்தால் பதநீர், எட்டரைக்கு வந்தால் காப்பி" என்று அழைப்பு அனுப்பியிருந்தார். ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று வந்து கொண்டிருந்தது. ஆற்றுக்கு இக்கரையிலேயே பிரம்மஞான சபையின் தோப்பு. அங்கே மிஞ்சியிருக்கும் பசுமையைக் கண்டால் தெற்கேயுள்ள கடற்கரை முழுவதும் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று ஒருவாறு ஊகிக்கலாம். திருவான்மியூரைத் தாண்டிச் சென்றால் பனையூர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. இன்று அங்கே வீடுகள் பெருகி விட்டன. பெயர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இரு பக்கமும் இரண்டு கேன்கள். ஓட்டி வந்தவர் அறுபது வயதுப் பெரியவர். திருப்போரூருக்கு அப்பாலிருந்து வருகிறார். தாமே மரம் ஏறி, தாமே இறக்கி, தாமே கொண்டு வருகிறார். அவருடைய கைகளையும் மார்பையும் பார்த்தபோதே மரம் யாருடையது என்பது தெரிந்து விட்டது.

"எத்தனை மணிக்கு இறக்கினீர்கள், பெரியவரே?"

"அஞ்சு மணிக்குங்க."

"இதில் சுண்ணாம்பு குறைச்சலாகத் தெரிகிறதே?"

"ரெண்டு மணி நேரத்திலே குடிக்கப் போறீங்க. அதுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் போடணும். பனி அடிச்சா ஒரு அளவு, புழுக்கமா இருந்தா ஒரு அளவு. அதெல்லாம் கை சொல்லும்" என்றார்.

அவர் ஊற்றியதைக் கையில் வாங்கிப் பார்த்தோம். நீர் சற்றே மங்கல். தியாகராய நகர் ஜாடியின் பளபளப்பு இதற்கு இல்லை. ஆனால் முகத்தருகே கொண்டு போன உடனே பாளையின் மணம் எழுந்தது. குடித்தால் இனிப்பு வந்தது, நின்றது, விலகியது. அது விலகின இடத்தில் சுண்ணாம்பு ஒரு சுருதி போல இருந்ததே தவிர, தனிக் கச்சேரி செய்யவில்லை. புளிப்பு எங்கேயோ தூரத்தில், வரலாமா என்று கேட்டுக் கொண்டு நின்றது. பெல்ஜியம் நீதிபதியை அங்கே அழைத்து வந்திருந்தால் அவருக்கும் தம் தேசத்துப் பண்ணை வீட்டு ஞாபகம் வந்திருக்கும் என்று எண்ணுகிறோம். இரண்டு பானங்களும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் பெயர் தெரியாத ஒரு கை, ஒரு பருவத்தைச் சரியான இடத்தில் நிறுத்திப் பிடித்திருக்கிறது.

"எட்டரைக்கு மேல் வந்தால் ஏன் கிடைக்காது?" என்று கேட்டோம்.

"வெயிலு ஏறினப்புறம் விக்கிறதில்லீங்க. மிச்சம் இருந்தா வூட்டுக்குக் கொண்டுபோயி காய்ச்சி வெல்லமாக்கிடுவோம். புளிச்சதை ஊத்திட்டா நாளைக்கு யாரு வாங்குவாங்க? அதோட, புளிச்ச வாடை அடிச்சா வழியிலே நிறுத்திக் கேப்பாங்களே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"உங்கள் பிள்ளைகள் மரம் ஏறுகிறார்களா?"

பெரியவர் கேனின் மூடியை இறுக்கிக் கொண்டே சொன்னார்: "பெரியவன் ஒரகடத்துலே கம்பெனிக்குப் போறான். நல்ல வேலை. நானே ஏற வேணாம்னுட்டேன். கூட்டாளி ஒருத்தன் போன வருசம் விழுந்துட்டான்."

அதற்கு மேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை.

வாசனைக்கு 11, தோற்றத்துக்கு 2, சுவைக்கு 18, வாயுணர்ச்சிக்கு 5, அபிப்பிராயத்துக்கு 9. மொத்தம் 45.

தாளில் இல்லாத கட்டம்

தீர்ப்பை எழுதி முடித்துப் பார்த்தபோது, அமெரிக்க நீதிபதிகளின் தாளில் ஒரு கட்டம் குறைவதாகத் தோன்றியது. 'இறக்கிய நேரம்' என்று ஒரு கட்டம் வேண்டும். பீருக்கு அது தேவையில்லை. புட்டியில் அடைத்து மாதக் கணக்கில் வைக்கலாம். பதநீரின் ஆயுள் நாழிகைக் கணக்கு. மயிலாப்பூரின் 32-க்கும் அடையாற்றின் 45-க்கும் உள்ள வித்தியாசம் மரத்தில் இல்லை. ஆளின் திறமையில் இல்லை. இறக்கியதற்கும் குடித்ததற்கும் நடுவில் இருந்த நேரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தைக் கேட்கத் தெரிந்தவரே பதநீருக்கு நல்ல நீதிபதி.

காந்தியடிகள் 1934-ஆம் ஆண்டில் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், பனைவெல்லத் தொழிலைத் தன் வேலைகளில் ஒன்றாக எடுத்துக் கொண்டது. கள்ளை நிறுத்து என்று சொல்லுகிறவன், ஏறுகிறவனுக்கு வேறு வருமானம் காட்டக் கடமைப்பட்டவன் என்பது அதன் உட்கருத்து. 1978-இல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. இப்போது அதை வெட்ட வேண்டுமானால் கலெக்டரின் அநுமதி வேண்டும் என்றும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். மரத்தைக் காப்பாற்ற உத்தரவு போடலாம். ஆனால் மரத்தில் ஏறும்படி யாருக்கும் உத்தரவு போட முடியாது. கூலி கட்டினால் ஏறுவார்கள். கட்டாவிட்டால் பனை வெறும் நிழலாக நிற்கும். பனையின் நிழல் எவ்வளவு என்பது நேயர்கள் அறிந்ததே.

விதை போட்ட பனை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருஷங்கள் ஆகும். பனையேறி ஒருவர் உருவாவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு காலந்தான் ஆகும். இரண்டில் எது முதலில் தீர்ந்தாலும் மற்றது வீண்.

ஆகையால், வரும் வெயில் காலத்தில் பதநீர் வண்டியின் முன் நிற்கும் ஒவ்வொரு நேயரும் ஐந்து மார்க்கு நீதிபதியாகவாவது இருக்கும்படி கேட்டுக் கொள்கிறோம். எந்த ஊர் என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு இறக்கியது என்று கேளுங்கள். பானையின் அடியில் சுண்ணாம்புப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஐஸ் போடுவதற்கு முன்னால் ஒரு வாய் சுவையுங்கள். இனிப்பு வந்து விலகுகிறதா, உட்கார்ந்து கொள்கிறதா என்று கவனியுங்கள். நல்லதாக இருந்தால் சில்லறை பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுத்து, நாளைக்கும் வருகிறோம் என்று சொல்லுங்கள். குழந்தைகள் உடன் இருந்தால் அவர்களுக்கு ஓலைப் பட்டையிலேயே வாங்கிக் கொடுங்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரு நகரத்தின் நாக்குக்கு ஒரு வாய்ப் பதநீர் பதம். அசலையும் போலியையும் அந்த நாக்குப் பிரித்தறியும் வரையில், எங்கேயோ ஒரு பாளை விடியற்காலையில் சீவப்பட்டுக் கொண்டிருக்கும்.